ஆடி மாதக் கணக்கும் கார்த்திகை மாத இருட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியாருக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஊருக்கு வெளியே மேட்டுக் காட்டில் வீடு கட்டுகிறான். மின்கம்பம் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. “சார், மூணு கிலோவாட் சோலார், ரெண்டு கிலோவாட் காத்தாடி, ரெண்டையும் சேத்துப் போட்டா போதும்லா? வருசக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், தேவைக்கு மேலயே வருது” என்றான்.

“ஏலே, வருசக் கணக்கு இருக்கட்டும். கார்த்திகை மாசக் கணக்குப் போட்டியா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அந்தக் கொட்டகை ஞாபகமா சார்?” என்றான். அவனும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தவன்தான். அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய வரலாற்றையும் எழுதி வைக்கலாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் கிராமம் ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். 2001இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நைட் ஸ்டடி நடத்த ஒரு கொட்டகை கிடைத்தது. கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத கொட்டகை. ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் காசு போட்டார்கள். ஒரு கிலோவாட் காற்றாடி ஒன்று, 300 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு வாங்கினோம். எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். கரும்பலகையில் பிள்ளைகள் முன்னாலேயே பெருமையாகப் போட்டேன்.

கணக்கு இதுதான். பத்து டியூப்லைட். சோக்கையும் சேர்த்தால் ஒன்றுக்கு 50 வாட். மாலை ஆறு முதல் பத்து வரை நான்கு மணி நேரம். நாளைக்கு 2 யூனிட். வருடத்துக்கு 730 யூனிட். வரவு எவ்வளவு? எங்கள் பக்கத்துச் சராசரிக் காற்றுக்குக் காற்றாடி வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். பேனல் சுமார் 400 யூனிட். மொத்தம் 1,800. தேவையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு! பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆனியில் ஓட ஆரம்பித்தது. ஆடியில் நாளைக்கு ஏழு யூனிட் வரை வந்தது. பேட்டரி மத்தியானமே நிறைந்துவிடும். மிச்ச மின்சாரத்தை ஒரு கம்பிச்சுருளில் சூடாக்கி வீணடிக்க வேண்டியிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் நானும் கொஞ்சம் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐப்பசி கடைசியில் தென்மேற்குக் காற்று அடியோடு நின்றது. வடகிழக்குப் பருவமழை மேகம் மூடிக்கொண்டது. காற்றாடி நாளைக்கு 0.4 யூனிட், பேனல் 0.8 யூனிட். இரண்டும் சேர்ந்து 1.2. தேவை 2. பேட்டரி நான்கும் சேர்ந்து 7.2 யூனிட் பிடிக்கும் என்றாலும், ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, எடுக்கக்கூடியது 3.6 யூனிட்தான். தினம் 0.8 யூனிட் துண்டு விழுந்தால் எத்தனை நாள் தாங்கும்? நாலரை நாள். ஐந்தாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு விளக்குகள் எல்லாம் அணைந்தன.

வெளியே மழை. உள்ளே நாற்பது பிள்ளைகள். ஊருக்குள் ஓடி அரிக்கேன் விளக்குகள் வாங்கி வந்தார்கள். அடுத்த நாளும் அதே கதை. பக்கத்துச் சிற்றூரிலிருந்து மூன்று பெண் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் இருக்கிறது என்பதால்தான் வீட்டில் அனுப்பியிருந்தார்கள். இருட்டுக் கொட்டகைக்கு அனுப்ப மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பிறகு விளக்கு எரிந்தபோது இருவர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவே இல்லை.

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. பிழை என் கணக்கில். வருட மொத்தத்தைப் பார்த்தேன். எந்த மாதம் எவ்வளவு வரும் என்று பார்க்கவில்லை. இந்தப் பிழையை உலகம் எப்படிக் கடந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் ஆட்கள் இந்தச் சிக்கலை முதல் நாளே சந்தித்துவிட்டார்கள். 1887இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் காற்றாலை வைத்துத் தன் விடுமுறை வீட்டுக்கு விளக்கு எரித்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் தன் வீட்டுத் தோட்டத்தில் 17 மீட்டர் குறுக்களவில், 144 மர இறக்கைகளோடு ராட்சதக் காற்றாலை ஒன்றைக் கட்டினார். அவ்வளவு பெரிய இயந்திரம் தந்தது 12 கிலோவாட்தான். காற்று நின்றால் என்ன செய்வது? வீட்டின் நிலவறை முழுக்கப் பேட்டரிகளை அடுக்கினார். பணக்காரரால் முடிந்தது.

என் மனதுக்கு நெருக்கமானவர் டென்மார்க்கின் பால் லா கூர். அவரும் நம்மைப் போல வாத்தியார். முதலில் வானிலைத் துறையில் இருந்தவர், பிறகு ஆஸ்கோவ் என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்கான பள்ளியில் பாடம் நடத்த வந்தார். 1891இல் பள்ளியிலேயே காற்றாலை அமைத்தார். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவாகச் சேர்த்து வைத்து, காற்றில்லாத இரவுகளில் அதை எரித்துப் பள்ளிக்கு வெளிச்சம் கொடுத்தார். வாயுவில் ஆக்சிஜன் கலந்து வெடித்துப் பள்ளி ஜன்னல்கள் உடைந்ததும் உண்டு. பள்ளிக்கூடத்து விளக்குக்காக 110 வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் பட்ட பாட்டை வாசித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் வானிலையைத் தெரிந்துகொண்டு காற்றாலைக்கு வந்தவர். நான் காற்றாடியை வாங்கிவிட்டு வானிலையைத் தெரிந்துகொண்டவன்.

அவர்கள் எல்லோருக்கும் சேமிப்பு ஒன்றுதான் வழி. இன்னொரு வழி 1954இல் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். மேலே விழும் வெயிலில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. முதலில் விண்கலங்களுக்குத்தான் கட்டுப்படியாகும் விலை. விலை இறங்க இறங்க, காற்றையும் வெயிலையும் ஜோடி சேர்க்கலாமே என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்தது. ஒன்று இல்லாதபோது மற்றது இருந்தால் பேட்டரி குறையும், செலவு குறையும்.

‘இருந்தால்’ என்பதுதான் இங்கே முக்கியமான சொல். ஒன்று இல்லாதபோது மற்றது இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அளந்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய, ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு பெண்மணி வருகிறார். அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியை ஆராய்ந்தார். ஆய்வேட்டை எழுதியும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. 1945இல் லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு, 1948இல் இந்திய வானிலைத் துறையில் புனேயில் சேர்ந்தார்.

அப்போது நம் நாட்டில் சாதாரண வானிலைக் கருவிக்கும் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும். சுமார் நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்ய வழி செய்தார் அவர். 1957–58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடு முழுக்கச் சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களின் வலையை அமைத்தார். தவறான அளவீடு, அளவீடே இல்லாததைவிட மோசம் என்பது அவருடைய கொள்கை. வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. 1980இல் இந்தியாவுக்கான சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேட்டை வெளியிட்டார். அடுத்து 1983இல், இந்தியக் காற்று ஆற்றல் தரவுகளை இன்னொருவரோடு சேர்ந்து தொகுத்துக் கொடுத்தார். வெயில், காற்று இரண்டையும் ஒரே கையால் அளந்து வைத்தவர் அவர். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய தொகுப்பைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக எண்கள். எந்த மாதத்தில், எந்த மணியில் எவ்வளவு என்று அட்டவணைகள். கதை இல்லை, வர்ணனை இல்லை. என் கொட்டகை ஏன் இருண்டது என்பதற்கான பதில் இப்படிப்பட்ட அட்டவணையில்தான் இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது.

காற்று விஷயத்தில் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் படியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஓர் ஊரில் எப்போதும் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று. ஆறின் மூன்றாம் படி 216. இன்னோர் ஊரில் பாதி நேரம் 3, பாதி நேரம் 9. சராசரி அதே 6தான். ஆனால் 27ஐயும் 729ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 378. சராசரி ஒன்றே, ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கு! ஆனால் முதல் ஊரில் விளக்கு நாள் முழுக்க எரியும். இரண்டாவது ஊரில் பாதி நேரம் காற்றாடி சும்மா நிற்கும். மொத்தத்தில் அதிகம் தரும் ஊரில்தான் இருட்டும் அதிகம். என் கொட்டகை அந்த இரண்டாவது ஊர்.

சரி, கொட்டகைக்கு வருவோம். மாணவி ஒருத்தி தினமும் காற்றாடி எவ்வளவு, பேனல் எவ்வளவு, பேட்டரி வோல்ட் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வந்திருந்தாள். நான் சொன்னதற்காக எழுதினாளே தவிர, அதை நான் பார்க்கவில்லை. இருட்டான மறுநாள்தான் அந்த நோட்டைக் கையில் எடுத்தேன். அதை வைத்துக் கரும்பலகையில் மறுபடி கணக்குப் போட்டோம். இந்த முறை பிள்ளைகள்தான் போட்டார்கள்.

இன்னொரு காற்றாடி வாங்கினால்? கார்த்திகையில் கூடுதலாக 0.4 யூனிட்தான் வரும். மொத்தம் 1.6. அப்போதும் பற்றாது. ஆடியில் இன்னும் அதிகமாக வீணாகும். செலவோ மிகப் பெரியது.

இன்னொரு 300 வாட் பேனல் வாங்கினால்? 0.8 கூடும். மொத்தம் 2. சரியாக விளிம்பில் நிற்கும். ஒரு நாள் மழை அதிகமானாலும் துண்டு விழும்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான், “சார், லைட்டை மாத்தினா?” 50 வாட் டியூப்லைட்டுக்குப் பதிலாக 20 வாட் சி.எஃப்.எல். பத்து விளக்கு, நான்கு மணி நேரம், 0.8 யூனிட். வரவு 1.2 இருக்கிறதே! காற்றும் வெயிலும் அடியோடு இல்லாமல் போனாலும், பேட்டரியில் இருக்கும் 3.6 யூனிட் நாலரை நாள் தாங்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும். விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டு அதையும் சரிக்கட்டினோம். ஒரு வாட்கூடப் புதிதாக வாங்கவில்லை. பத்து பல்பு வாங்கினோம். அந்த வருடம் பரீட்சை முடியும்வரை விளக்கு அணையவில்லை.

கேள்வி கேட்ட அந்தப் பின் வரிசைப் பையன்தான் இப்போது வீடு கட்டுகிறவன். சொந்த வீடு என்று வந்ததும் அவனும் வருடக் கணக்கைத்தான் போட்டிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரிய எண் கண்ணை மறைக்கும்.

ஒரு கொட்டகைக்கு நடந்தது ஒரு மாநிலத்துக்கும் நடந்தது. 1986இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் சோதனையாகக் காற்றாலைகள் நட்டார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். 1990களில் வரிச்சலுகையும் சேர, முப்பந்தல் முழுக்கக் காடாக எழுந்தன. 1998இல் காற்றாலைத் தொழில்நுட்பத்துக்கென்று தேசிய மையம் ஒன்று சென்னையில் வந்தது. ஆனால் இத்தனை காற்றாலையும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் முழு மூச்சாகச் சுற்றும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுக் காலத்தில் கொஞ்சம் மூச்சு விட்டோம். ஐப்பசியில் காற்று நின்றதும் திணறினோம். என் கொட்டகையின் ஐந்தாம் நாள் ராத்திரியை அப்போது நாடே பார்த்தது. காரணங்கள் பல உண்டு, ஆனால் இதுவும் ஒன்று.

அதற்குள் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, அளவீடு. 2011 வாக்கில் சென்னைக் காற்றாலை மையமே நாட்டின் பல பகுதிகளில் 51 சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தது. அன்னா மணி தொடங்கிய வேலை மறுபடி ஒரே கூரையின் கீழ் வந்தது. இரண்டாவது, கணினி. நாங்கள் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்ட கணக்கை, வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் மணி மணியாகப் போடும் மென்பொருள்கள் வந்தன. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 1990களில் உருவாக்கிய ‘ஹோமர்’ அவற்றில் பெயர் பெற்றது. இத்தனை பேனல், இத்தனை காற்றாடி, இத்தனை பேட்டரி என்று ஆயிரக்கணக்கான சேர்க்கைகளை ஓட்டிப் பார்த்து, எது மலிவு என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் கணினி பதில் சொல்லாது. வருடத்தில் எத்தனை மணி நேரம் இருட்டைப் பொறுத்துக்கொள்வீர்கள்? அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு சதவீதம் என்றால் வருடத்துக்குச் சுமார் 88 மணி நேரம். அந்தக் கடைசி ஒரு சதவீதத்தையும் போக்க வேண்டும் என்றால், வருடத்தில் சில நாளுக்கு மட்டும் உதவும் பேட்டரியையும் பேனலையும் வாங்கிக் குவிக்க வேண்டும். செலவு மலையேறும். ஆஸ்பத்திரிக்கு அந்தச் செலவு நியாயம். தோட்டத்து மோட்டாருக்கு வீண். பள்ளிக்கூடத்துக்கு? பரீட்சைக்கு முந்தைய வாரமா, கோடை விடுமுறையா என்பதைப் பொறுத்தது.

2018இல் மத்திய அரசு காற்று–சூரியக் கலப்புத் திட்டக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒன்றின் திறன் மற்றதன் திறனில் 25 சதவீதமாவது இருந்தால்தான் அது கலப்பு நிலையம். பேருக்கு நான்கு பேனல் வைத்துவிட்டுச் சலுகை கேட்க முடியாது. பெரிய நிலையங்களில் இன்னொரு லாபமும் உண்டு. பகலில் சூரியன், மாலையிலும் இரவிலும் காற்று என்று ஒரே மின்கம்பிப் பாதையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். 2022இல் ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் 390 மெகாவாட் கலப்பு நிலையம் ஓட ஆரம்பித்தது. நாட்டில் அந்த அளவில் முதலாவது அதுதான்.

இனி, என் மாணவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்.

முதலில் செலவைக் குறை. எந்த விளக்கு, எந்த ஃபேன், எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் எழுதிப் பார். இரண்டாவது, ஆடியை மறந்துவிட்டு ஐப்பசி–கார்த்திகைக்குக் கணக்குப் போடு. மூன்றாவது, காற்றாடி வாங்குவதற்கு முன்னால் அந்த இடத்திலேயே ஒரு வருடம் காற்றை அள. சுற்றியுள்ள மரம், மாடி எல்லாவற்றையும்விட முப்பது அடியாவது உயரத்தில் வைக்க முடியாது என்றால் காற்றாடியே வேண்டாம். அந்தக் காசுக்குப் பேனலும் பேட்டரியும் வாங்கு. நான்காவது, எத்தனை ராத்திரி இருட்டு பரவாயில்லை என்று வீட்டில் இருப்பவர்களைக் கேள். நீயாக முடிவு செய்யாதே.

நான்காவதைச் சொல்லும்போது, திரும்பி வராத அந்தப் பிள்ளைதான் என் நினைவில் இருந்தாள். அந்த ஐந்தாம் நாள் இருட்டு எனக்கு ஒரு பாடமாக முடிந்துவிட்டது. அவளுக்குப் படிப்பே அங்கே நின்றுவிட்டது. கணக்குப் பிழையின் விலையை எப்போதும் கணக்குப் போட்டவனே கொடுப்பதில்லை.

அன்னா மணி 2001 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் காலமானார். நான் ஆடிக் காற்றில் பறந்துகொண்டிருந்த அதே வருடம், மலைக்கு அந்தப் பக்கம். அப்போது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பள்ளியில் இருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் மழை, காற்று, வெயில், ஏதாவது ஒன்றை எழுதச் சொல்லுங்கள். எழுதினால் போதாது, வாரம் ஒருமுறை அதை நீங்கள் படியுங்கள். நான் படிக்காமல் விட்டேன்.

பதிவில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அந்தக் கொட்டகையில் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.